தொட்டில் சத்தத்தைக் காணோம்

கூரியர்காரர் கொண்டுவந்து வைத்த பெட்டியைப் பார்த்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மிக்ஸியா?" என்பதுதான். எங்கள் வீட்டு மிக்ஸி, மூடியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தால் மட்டுமே நாலு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நான், "ஸ்பீக்கர்" என்றேன். "ஏற்கெனவே டிவிக்குக் கீழே நீளமா ஒண்ணு கெடக்கே, அது என்னவாம்?" என்றாள். நியாயமான கேள்வி. அறுபத்தெட்டு வயதில் ஒருவன் ஸ்டுடியோ மானிட்டர் வாங்கினால் வீட்டில் இதையாவது கேட்கத்தானே செய்வார்கள்? அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

விஷயம் ஒரு கேசட்டில் ஆரம்பிக்கிறது.

1984 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். என் மகனுக்கு அப்போது மூன்று மாதம். உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, அம்மா ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினாள். அரியர்ஸ் பணத்தில் அப்போதுதான் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கியிருந்தேன். ஒற்றை ஸ்பீக்கர் வைத்த மோனோ. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு குழந்தை தூங்கிவிட்டான், அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

1991-இல் அம்மா காலமானாள். அவள் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்தப் பதினோரு நிமிடம் மட்டும்தான்.

போன வருஷத்தோடு அம்மா பிறந்து நூறு வருஷம் ஆகிறது என்று பாளையங்கோட்டையிலிருந்து அக்கா கணக்குச் சொன்னாள். "திவசத்துக்கு எல்லாரும் வருவாவ. அந்தப் பாட்டைச் சின்னதுக போன்ல கேக்குத மாதிரி ஏதாவது செய்யேன்ல" என்றாள். அக்கா எழுபத்தாறு வயதிலும் என்னை 'ஏல' என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை.

பரண் மேலிருந்த கேசட் டெக்கை இறக்கி, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்து, ஆடியோ இண்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி ஒன்றின் வழியாக லேப்டாப்பில் ஏற்றினேன். ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள் இருக்கிறது. இரைச்சலை மட்டும் கொஞ்சம் தேர்ந்தெடுத்துக் காட்டினால், அதே மாதிரி இருப்பதையெல்லாம் மொத்தப் பதிவிலிருந்தும் குறைத்துக் கொடுக்கும். 'உஸ்' என்ற டேப் இரைச்சலை எடுத்தேன். இரண்டு அடிகளுக்கு நடுவே வந்த இடைவெளிகளில் ஏதேதோ சத்தம் இருந்தது, அவற்றை மௌனமாக்கினேன். குரல் கொஞ்சம் மந்தமாகப் பட்டது, ட்ரெபிளைத் தூக்கினேன். டிவிக்குக் கீழே இருக்கும் சவுண்ட்பாரில் இரண்டு முறை கேட்டேன். பிரமாதமாக இருந்தது. அக்காவுக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"ஏல, கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அம்மா தண்ணிக்குள்ள இருந்து பாடுத மாதிரில்லா இருக்கு. அவ குரலு இப்படியா கீச்சுன்னு இருக்கும்? தொட்டில் சத்தத்தை எங்க காணோம்?"

முப்பத்தாறு வருஷம் தொலைபேசித் துறையில் இருந்தவன் நான். டெசிபல் கணக்கில்தான் சம்பளம் வாங்கினேன். மனிதக் குரலை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு சின்ன ஜன்னலுக்குள் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பியதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவனுக்கு அம்மாவின் குரல் கெட்டுப்போனது கேட்கவில்லை, அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் நன்றாகக் கேட்டது? இரண்டு நாள் இதே யோசனை. கடைசியில் முதல் சந்தேகம் சவுண்ட்பார் மேல் விழுந்தது.

வீட்டு ஸ்பீக்கர்களுக்குப் பொதுவாக ஒரு சுபாவம் உண்டு. வந்தவரைக் குளிரவைத்து அனுப்பும் சுபாவம். அடித்தொண்டைச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும், உச்சியில் கொஞ்சம் மினுக்கும், நடுவில் இருப்பதை அமுக்கும். சினிமா பார்க்க அது சுகம். ஒரு பதிவில் என்ன கோளாறு என்று பார்க்க உதவாது. அதற்கென்று இருப்பதுதான் ஸ்டுடியோ மானிட்டர். உள்ளே வருவதைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியே விடவேண்டும் என்பதே அதன் லட்சியம். பெரும்பாலானவற்றில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையான சரித்திரமும் உண்டு. யமஹா கம்பெனி 1978-இல் என்.எஸ்.10 என்று ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தது. வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது. கேட்டவர்களுக்குக் கரகரவென்று இருந்ததால் அவ்வளவாக எடுபடவில்லை. ஒலிப்பதிவுக்காரர்களோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குற்றம் குறைகளை அப்படியே காட்டுகிறது, இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்று நம்பினார்கள். உச்சஸ்தாயி காதைக் குத்தாமலிருக்க ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. 2001-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த வெள்ளைக் கூம்பின் சாயலை இன்றைய எச்.எஸ்.5 மாடலில் பார்க்கலாம்.

அந்த எச்.எஸ்.5 மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது. ஜே.பி.எல். 305பி மேலும்தான். விலை பார்த்து, பரவாயில்லையே என்று மனைவியிடம் சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், போட்டிருந்தது ஒரு ஸ்பீக்கரின் விலை. இந்த ரகங்களை ஒற்றையாகவும் விற்பார்கள். பென்ஷன்காரர்கள் இந்த இடத்தில் உஷாராக இருக்கவேண்டும்.

சின்ன ரகங்கள் ஜோடியாகவே வருகின்றன. ஒன்றில் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மற்றது வெறும் பெட்டி, இரண்டையும் ஒரு வயர் இணைக்கும். நான் எடுத்தது ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5. ஊஃபர் மூன்றரை அங்குலம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்கக் கூடாது. பெண் குரலின் அடிப்படை அதிர்வே சுமார் 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். தாலாட்டுக்கு எதற்கு எட்டு அங்குல ஊஃபர்? என் அறையும் பத்தடிக்குப் பதினோரு அடி. சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வைப்பது, முச்சந்திப் பிள்ளையாருக்கு ராஜகோபுரம் கட்டுகிற மாதிரி.

ஆக, பெட்டி வந்தது. மிக்ஸி கேள்வியும் வந்தது.

முதல் நாள் நான் செய்ததெல்லாம் தப்பு. ஒன்றை மேஜை மூலையில், சுவரை ஒட்டி வைத்தேன். இன்னொன்றுக்கு இடமில்லை, இரும்பு பீரோ மேல் ஏற்றினேன். பழகிய கச்சேரி ஒன்றைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தவில் மாதிரி முழங்கியது. பீரோவில் தொங்கிய சாவிக்கொத்து தாளம் போட்டது. பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. அறை முழுக்கப் புகை மாதிரிப் பரவியிருந்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய் போயிற்றே என்று உட்கார்ந்துவிட்டேன். "மிக்ஸியே வாங்கியிருக்கலாம்" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வாங்குகிற செலவில் பாதிப் பலன் வைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம்.

முதலில் முக்கோணம். இரண்டு ஸ்பீக்கர்களும் நம் தலையும் சம தூரத்தில் இருக்கவேண்டும். மனைவியின் தையல் டேப்பால் அளந்து மூன்றடிக்கு மூன்றடி வைத்தேன். இரண்டும் லேசாக உள்பக்கம் திரும்பி நம் காதைப் பார்க்கவேண்டும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரவேண்டும். எனக்கு ஐந்து அங்குலம் குறைந்தது. பிள்ளைகளின் பழைய டிக்‌ஷனரிகள் நான்கைப் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கினேன். மேஜைப் பலகை சேர்ந்து அதிராமல் இருக்க, பழைய யோகா மேட்டைச் சதுரமாக வெட்டி அடியில் கொடுத்தேன். சாவிக்கொத்தை மனைவியிடம் ஒப்படைத்தேன்.

அடுத்தது சுவர். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டினால் அடிச்சத்தம் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். மேஜையை ஓரடிக்குமேல் முன்னால் இழுத்து, அகலச் சுவரின் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டுப் போட்டேன். இங்கே பழைய உத்தியோக புத்தி கொஞ்சம் வேலை செய்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸும், அதன் மடங்குகளான 113, 170 எல்லாமும் நின்று ஆடும். என் அறையின் அகலமும் பத்தடி, கூரை உயரமும் பத்தடி. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து முழங்குகின்றன. அறையில் ஓரிடத்தில் நின்றால் தொப்பி முழங்கும், இரண்டடி நகர்ந்தால் காணாமல் போகும். ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை, கட்டடம் கட்டிய அளவு அப்படி. நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரளவு சமமாகக் கேட்கிற இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

மொசைக் தரை, வெறும் சுவர். கை தட்டினால் 'டர்ர்' என்று எதிரொலி. முதலில் சுவரில் ஒரு பத்தமடைப் பாயை மாட்டினேன். அழகாக இருந்தது, அவ்வளவுதான். சத்தத்தைக் குடிக்கக் கனம் வேண்டும். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைப் பின்மூலைகளில் நிறுத்தினேன். உடனே வித்தியாசம் தெரிந்தது. பக்கச் சுவருக்கு ஒரு உபாயம் இருக்கிறது. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரை ஒட்டி நகர்த்தச் சொல்லவேண்டும். எந்த இடத்தில் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் சத்தம் நம் காதுக்குத் திரும்பி வருகிறது. அங்கே கம்பளியை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டேன். மறுபக்கம் புத்தக அலமாரியை நகர்த்தினேன்.

பிறகு ஒரு 'ங்ங்ங்' சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, சொருகினால் வந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் பேலன்ஸ்டு கேபிள் இரண்டு வாங்கி இண்டர்ஃபேஸிலிருந்து இணைத்தேன், அடங்கிவிட்டது. ஒரே சமிக்ஞையை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, நடுவில் ஒட்டிக்கொண்ட இரைச்சலைக் கழித்துவிடுகிற ஏற்பாடு அது. தொலைபேசி லைன் இரட்டைக் கம்பியாக வருவதும் இதே காரணத்துக்குத்தான். முப்பத்தாறு வருஷம் தெரிந்த விஷயம், வீட்டில் உறைக்க ஒரு வாரம் ஆனது.

இத்தனைக்குப் பிறகும் பாடகர் புகையாகத்தான் இருந்தார். கடைசியில் டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தேன். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயரில் சிவப்பையும் கருப்பையும் ஒரு பக்கம் மாற்றிச் சொருகியிருந்தேன். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. லைன்மேன் பையன் இப்படிச் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது. வயரை மாற்றிச் சொருகிவிட்டு, அம்மாவின் பதிவைப் போட்டேன்.

அம்மா இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் இருந்தாள். அங்கே ஸ்பீக்கர் எதுவும் இல்லை, ஜன்னல்தான் இருந்தது. மோனோ பதிவு இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், குரல் நட்டநடுவில் நிற்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் சரியாக வைத்திருக்கிறோமா என்பதற்கு இதுதான் நல்ல சோதனை. காரணமெல்லாம் தெரிந்தவன்தான். இருந்தாலும் எழுந்து ஜன்னலருகே போய்ப் பார்த்தேன்.

அடுத்த நிமிடமே நான் செய்துவைத்த அநியாயமும் கேட்டது. ஒவ்வொரு அடி முடிந்ததும் மூச்சைப் பிடித்து நிறுத்தியது போல் ஒரு பள்ளம். சொற்களின் விளிம்பில் களகளவென்று நீர்க்குமிழிச் சத்தம். அக்கா தண்ணீர் என்று சொன்னது இதைத்தான். சவுண்ட்பார் இதையெல்லாம் முழக்கத்தில் மூடிவைத்திருந்தது. ஆனால் 'கீச்சென்று இருக்கிறது' என்றாளே, அது மட்டும் எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகன் வந்தான். கூடவே எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி. "ஸ்பீக்கர்ல ஒரு டெஸ்ட் இருக்கு தாத்தா" என்று போனில் ஒரு ஆப்பைத் திறந்து, ஒற்றைச் சுருதியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனாள். கேட்கும்வரை கை தூக்கவேண்டும். ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் வரை நன்றாக இருந்தது. ஆறாயிரத்தில் தேய்ந்தது. எட்டாயிரத்தில் என் கை இறங்கிவிட்டது. அவளோ பதினாறாயிரத்திலும் கையைத் தூக்கிக்கொண்டு, "தாத்தா, இவ்ளோ சத்தமா இருக்கு, நெஜமாவே கேக்கலையா?" என்றாள்.

வயதானால் உச்சஸ்தாயிதான் முதலில் போகும். படித்து அறிந்ததுதான். எனக்குப் போயிருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. கேட்காமல் போனது கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? என் காதில் குறைந்ததை நான் ட்ரெபிளைத் திருகி அம்மாவின் குரலில் ஏற்றியிருக்கிறேன். என் பதிவைப் போட்டுக் காட்டினேன். பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஸ, ச எல்லாம் ஊசி மாதிரி குத்துது."

ஸ்பீக்கரின் பொய்யைக் காசு கொடுத்து நீக்கலாம். காதின் பொய்க்கு வேறொரு காது வேண்டும். கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஏற்றுவது என்று முடிவு செய்து, பேத்தியை நாற்காலியில், சாக்பீஸ் கோட்டில் உட்காரவைத்தேன்.

டெக்கின் ஹெட் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி உண்டு. பதிவு செய்த மெஷினில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் இங்கேயும் இருந்தால்தான் உச்சஸ்தாயி முழுதாக வரும். மயிரிழை மாறினாலும் மந்தமாகிவிடும். நான் ட்ரெபிளைக் கூட்டியதற்குப் பதில் இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும். பாட்டு ஓட ஓட நான் திருகினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வழி சொன்னாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். தாண்டிட்டீங்க, திரும்பி வாங்க. நில்லுங்க." அப்புறம் கண்ணைத் திறந்து கேட்டாள். "தாத்தா, பெரிய பாட்டி கையில வளையல் போட்டிருக்காங்களா?"

நான் குனிந்து, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை.

இந்தத் தடவை ட்ரெபிளைத் தொடவில்லை. இடைவெளிகளைத் தொடவில்லை. மோட்டாரின் உறுமலை மட்டும் கீழே கொஞ்சம் வெட்டினேன். டேப்பின் 'உஸ்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அந்த 'உஸ்' இருக்கிற உயரத்தில்தான் வளையலும் இருக்கிறது, ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் போகும். நான் சத்தம் என்று அழித்த இடைவெளிகளில் இருந்தது தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் 'கிறீச்'. அம்மா அதைத்தான் தாளமாக வைத்துப் பாடியிருக்கிறாள். 'கிறீச்' இல்லாமல் பாட்டு ஏன் அந்தரத்தில் நின்றது என்பது அப்போதுதான் புரிந்தது. அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகன், அந்தத் தொட்டிலில் கிடந்தவன், ஒன்றும் பேசாமல் பால்கனிக்குப் போய்விட்டான்.

அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"இதுதாம்ல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "தொட்டில் எண்ணெய் போடாத கதவு மாதிரி கத்தும், அம்மைக்கு அந்தச் சத்தம் இல்லாம பாட்டு வராது."

"பாப்பாவுக்கு வளையல் சத்தம்கூடக் கேட்டுதாம் அக்கா. உனக்குக் கேக்குதா?"

மறுபடி போட்டுக் கேட்டாள் போலிருக்கிறது. "எனக்குக் கேக்கல. ஆனா போட்டிருந்தா. பச்சைக் கண்ணாடி வளையல். அந்தப் பொங்கலுக்கு நாந்தான அம்பைல வாங்கிக் குடுத்தேன்."

வாங்க நினைக்கிற என் வயதுக்காரர்களுக்கு மூன்று விஷயம். பெரிதாக வாங்கவேண்டாம், இடத்தைச் சரிசெய்யுங்கள். எதைச் சுத்தம் செய்தாலும் முதல் பதிவின் பிரதி ஒன்றைத் தொடாமல் வையுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு மிக்ஸியும் வந்துவிட்டது. சமையலறையில் அது ஓடும்போது மானிட்டரில் ஒன்றும் கேட்பதில்லை. அந்த நேரம் பார்த்து நான் கதவைச் சாத்தினால், "நான் அரைக்கிறது உங்களுக்குச் சத்தமா?" என்கிறாள். இல்லை என்றுதான் இப்போதெல்லாம் பதில் சொல்கிறேன்.